லயத்து வாசலில் நற்செய்தி: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

டிசம்பர் விடுமுறை வந்தால் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வாலிபர் குழுக்கள் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு, தொழிலாளர் குடும்பங்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் நற்செய்தி சொல்லப் புறப்பட்டுவிடுகின்றன. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் முன்னால் போனவர்கள் விழுந்த அதே குழியில்தான் ஒவ்வொரு வருடமும் விழுகிறார்கள். சாமி படத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே, கோயில் வாசலில் நின்று பிரசங்கம் பண்ணாதே என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அதுகூடத் தெரியாதவர் பஸ் ஏறவே வேண்டாம்.

நேரம்

மாலை ஐந்து மணிக்குப் போய் நிற்பார்கள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளை மடுவத்தில் (பிள்ளைக் காப்பகத்தில்) விட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அட்டை கடித்த காலோடு அப்போதுதான் ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள். தண்ணீர், விறகு, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் இன்னும் மிச்சம். ஏழு மணிக்கு மேல் போங்கள். இருபது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்பதும் தப்புக் கணக்கு; கைக்காசுக்கு, அதாவது எடுத்த கிலோவுக்குக் காசு என்ற கணக்கில், கொழுந்து எடுக்கப் போயிருப்பார்கள். மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் நாட்களிலும், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகும் போனால், சண்டைக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஒலிபெருக்கி

லயத்துக்குள் வேண்டாம். பக்கத்து வீட்டுக் காம்பிராவுக்கும் (அறைக்கும்) இதற்கும் ஒரே சுவர்.

வேதத் தமிழை அப்படியே வாசலில் கொட்டுவது

எத்தனை தடவை சொன்னாலும் திருந்தாத தவறு இது. சபைக்குள் வளர்ந்தவருக்குப் ‘பாவி’ பழகிய சொல். தன்னையும் சேர்த்தே சொல்கிறார். லயத்தில் அந்தச் சொல்லின் கதை வேறு. ‘அடப்பாவி’ என்றால் திட்டு. ‘பாவம் அந்தப் புள்ள’ என்றால் இரக்கம். ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்றால் தலையெழுத்து. மூன்றுமே நீங்கள் சொல்ல வந்தது இல்லை. அதிலும் மூன்றாவது ஆபத்தானது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியதையும், இந்தியாவோடு செய்த 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் சொந்தங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப் பிரிந்ததையும் ‘நாம செஞ்ச பாவம்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவரிடம், சப்பாத்துப் போட்ட ஒரு வெளியாள் வந்து “நீங்கள் பாவத்தில் இருக்கிறீர்கள்” என்றால் அவர் காதில் என்ன விழும்? உன் கஷ்டத்துக்கு நீயே காரணம் என்றுதான் விழும்.

அவர் எதிர்த்துப் பேச மாட்டார். “சரிங்க ஐயா” என்பார். தேத்தண்ணி கொடுப்பார். குழு அதை ‘ஏற்றுக்கொண்டார்’ என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விடும். அடுத்த தடவை கதவு திறக்காது. திறக்காத கதவுக்கு ‘கடின இருதயம்’ என்று ஒரு பெயரும் வைப்பார்கள்.

‘ஆவி’யும் இப்படித்தான். கோயிலில் அருள் வந்து ஆடுவதையும் கோடங்கி வந்து பேய் ஓட்டுவதையும் பார்த்தவர்களுக்கு, ‘ஆவி இறங்கட்டும்’ என்று கத்தினால் நீங்கள் இன்னொரு கோடங்கி. முதல் சந்திப்பில் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். ‘கடவுள் கூடவே இருக்கிறார்’ போதும்.

மாற்றுச் சொற்கள் வேதத்திலேயே இருக்கின்றன. மத்தேயு 6:12ஐத் திறந்து பாருங்கள், அங்கே கர்த்தருடைய ஜெபத்தில் பாவம் என்ற சொல்லே இல்லை, ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்றுதான் இருக்கிறது. கடை பாக்கியும் நுண்கடனும் உள்ள வீட்டில் அதற்கு விளக்கவுரை தேவையில்லை. ‘இரட்சிப்பு’ என்பதை விட்டுவிட்டு ‘மீட்பு’ என்று சொல்லுங்கள். அடகு வைத்த நகையை மீட்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். (நீங்கள் கையில் கொடுப்பது துண்டுப் பிரதி. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் கடன் சீட்டுக்கும் ‘துண்டு’ என்றே பெயர். அந்தக் கடனை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921இல்தான் அதைச் சட்டம் ஒழித்தது.)

மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்டக் கதையைக் கொண்டுபோங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘கூலி’ என்று இருக்கும். இங்கே அது வசைச் சொல்லாகவே பழகியது, ஆகவே ‘நாட்சம்பளம்’ என்று மாற்றிச் சொல்லுங்கள். விடியக்காலையில் வந்தவருக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரே சம்பளம் என்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுகிற தோட்டத்தில் இதைக் கேட்டு யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். “அது எப்படிங்க நியாயம்?” என்பார் ஒருவர். “அந்த ஆள அதுவரைக்கும் யாரும் வேலைக்குக் கூப்பிடலியே, அவன் புள்ளையும் சாப்பிடணும்ல” என்பார் இன்னொருவர். 7ஆம் வசனத்தில் அந்த ஆட்கள் சொல்வதும் அதேதான். வாக்குவாதம் நடக்கட்டும். எழுதிக்கொண்டு வந்த விளக்கம் பையிலேயே இருக்கட்டும். அன்றைக்கு முடிவு சொல்லாமலே எழுந்து வரலாம். அடுத்த நாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது மிச்சத்தை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

பொட்டு, கயிறு

கழற்றச் சொல்லாதீர்கள்.

பிள்ளைகள்

அப்பா அம்மா வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் சொல்லிக் கொடுப்பது திருட்டுத்தனம். டொபி கொடுத்துக் கூட்டினால் இன்னும் மோசம்.

மாத்திரை

நோயாளிக்காக ஜெபித்துவிட்டு, “விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு” என்று ஒரு வார்த்தை விட்டுவிடுவார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பாரிசவாதம் வரலாம், இன்சுலினை நிறுத்தினால் உயிரே போகலாம். ஜெபம் முடிந்ததும் கிளினிக் கொப்பியை வாங்கி அடுத்த திகதியைப் பாருங்கள்.

உதவியும் செய்தியும் ஒரே கையில்

2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தது போல ஒரு அழிவு வந்தால் உதவத்தான் வேண்டும். ஆனால் அரிசிப் பைக்குள் துண்டுப் பிரதி வைக்காதீர்கள். தோட்டத் தலைவரிடமும் கோயில் கமிட்டியிடமும் பட்டியல் வாங்கி, எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே அளவு கொடுங்கள். பை கொடுத்தவர்கள் சில மாதங்களுக்காவது அந்த லயத்தில் செய்தி சொல்லப் போக வேண்டாம். அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் மதச் சுதந்திரம் தருகின்றன, சரிதான். ஆனால் 2004இல் பாராளுமன்றத்துக்கு வந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் பலவந்தத்தோடும் மோசடியோடும் ஆசைகாட்டுதலையும் சேர்த்தே பேசியது. அந்தச் சந்தேகத்துக்கு உங்கள் அரிசிப் பை சாட்சியாகக்கூடாது.

குழு போன பிறகு

ஒருவர் விசுவாசத்துக்கு வந்துவிட்டார் என்று வையுங்கள். நீங்கள் மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுவீர்கள். திருவிழா வரி கேட்டு வருவார்கள், தாய்மாமன் வீட்டுக் கருமாதிக்குக் கூப்பிடுவார்கள். கொடுப்பதா, போவதா என்று அவர் யாரிடம் கேட்பார்? வாரத்தில் ஒரு தடவையாவது நடந்து போய்ப் பார்க்க உள்ளூரில் ஒருவர் இல்லாவிட்டால், இந்த வருடம் அந்தத் தோட்டத்துக்குப் போகாதீர்கள். பஸ் காசாவது மிஞ்சும்.