ஒரே விமானம், ஒரே ரன்வே: வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டரைப் பல வருடம் ஓட்டுவது எப்படி

கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் போட்டவுடன் பெரும்பாலானோர் செய்வது ஒரே காரியம்தான். முதலில் சொந்த ஊரில் வீட்டு மொட்டைமாடியைத் தேடிப் பறப்பார்கள். அடுத்து எவரெஸ்ட். பிறகு எந்த பட்டன் எதற்கென்றே தெரியாமல் ஒரு ஏர்பஸ்ஸைக் கிளப்பிக் கடலில் இறக்குவார்கள். அத்தோடு அலுத்துவிடும். அலுத்ததும் புது விமானம், புது சீனரி, புது கிராஃபிக்ஸ் கார்டு என்று வாங்கத் தொடங்குவார்கள். பறக்கும் நேரம் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

வருடக்கணக்கில் பறப்பவர்கள் இதற்கு நேர்மாறானவர்கள். ஒரு சின்ன விமானம், தெரிந்த இரண்டு விமான நிலையங்கள், ஒரு நோட்டு, இவ்வளவுதான் அவர்களின் தொடக்கம். இந்த வழிகாட்டியும் அப்படித்தான் போகிறது. விமானம் செஸ்னா 172, ஊர் திருச்சி.

எதில் பறப்பது

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 பார்க்க அழகு. ஆனால் பூமியின் படத்தைப் பறக்கும்போதே இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க்கில் 50 ஜிபி போதும். இணையம் குறைந்தது 10 எம்பிபிஎஸ், பரிந்துரை 50. ரேம் குறைந்தது 16 ஜிபி, பரிந்துரை 32. மாத டேட்டாவுக்கு வரம்பு உள்ள வீட்டில் இது ஒத்துவராது. எக்ஸ்-பிளேன் 12 நிலப்பரப்பை டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்வதால் நெட் இல்லாமலும் பறக்கலாம். கணினி பழையது, காசும் செலவழிக்க மனமில்லை என்றால் ஃப்ளைட்கியர் முழுக்க இலவசம். இந்தக் கட்டுரையில் உள்ள பயிற்சி எல்லாவற்றையும் அதிலும் செய்யலாம்.

புதுப் பதிப்பு வந்துவிட்டதே என்று பதற வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2006-இல் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸை வெளியிட்டு, 2009-இல் அதைச் செய்த ஸ்டுடியோவையே மூடிவிட்டது. அடுத்த பதிப்பு 2020-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க அதே பழைய மென்பொருளில் நிம்மதியாகப் பறந்தவர்கள் உண்டு.

ஜாய்ஸ்டிக்: வாங்குவதும் அமைப்பதும்

முதல் ஜாய்ஸ்டிக் இடம்வலமாகத் திருகக்கூடியதாக இருக்கட்டும். அந்தத் திருகல்தான் ரட்டர், அதாவது மூக்கை இடம்வலமாகத் திருப்பும் வால் பலகை. இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு ஒரு சின்ன நெம்புகோல் அதிலேயே இருந்தால் போதும். உள்ளே காந்தத்தால் அசைவை அறியும் ஹால் சென்சார் இருந்தால் நல்லது. அதற்குப் பதில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேயும், நம் ஊர்த் தூசிக்கு நாளடைவில் நடுங்கத் தொடங்கும். யோக் (விமானத்தின் ஸ்டியரிங்), ரட்டர் பெடல் எல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே கையில் காசு இருந்தால் பெடலைவிடத் தலையசைவைப் பின்தொடரும் வசதிதான் அதிகம் உதவும். ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளுக்கு ஒரு சாதாரண வெப்கேம் போதும். தலையைத் திருப்பினால் காக்பிட்டிலும் பார்வை திரும்பும். இறங்கும் முன் ரன்வே எங்கே இருக்கிறது என்று பக்கவாட்டில் பார்க்காமல் ஒழுங்காக இறங்க முடியாது.

செருகியவுடன் பறந்துவிடாதீர்கள். முதலில், ஒரே வேலை இரண்டு கருவிகளில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேம்பேடும் ஜாய்ஸ்டிக்கும் சேர்ந்து செருகியிருந்தால் இரண்டுமே த்ராட்டிலைப் பிடித்து இழுக்கும். இன்ஜின் தானாக ஏறி இறங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அடுத்தது சென்சிட்டிவிட்டி. மைக்ரோசாஃப்டில் பிட்ச் (மூக்கு மேல்கீழ்), ரோல் (இறக்கை சாய்வு) இரண்டுக்கும் −30 அளவில் வையுங்கள். நடுப்பகுதியில் கை அசைவு மென்மையாகும். ஸ்டிக்கை அசைத்தும் விமானம் கண்டுகொள்ளாத நடுப்பகுதியான டெட் ஸோன் பூஜ்யத்திலேயே இருக்கட்டும். கை எடுத்த பிறகும் ஸ்டிக் நடுங்கினால் மட்டும் 3 முதல் 5 சதவீதம். அதற்கு மேல் வைத்தால் இறங்கும் நேரத்தில் சின்னச் சின்னத் திருத்தங்கள் விமானத்துக்குப் போய்ச் சேராது.

ஸ்டிக்கில் உள்ள பட்டன்களில் இரண்டை எலிவேட்டர் டிரிம்முக்கு (கை எடுத்தாலும் மூக்கை அதே இடத்தில் நிறுத்தும் வசதி) ஒதுக்குங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. மற்றவை ஃபிளாப் (மெதுவாக இறங்க உதவும், இறக்கையின் பின்புறப் பலகை), பிரேக், பார்வை. உதவி அமைப்புகளில் தானியங்கி ரட்டரை முதல் நாளே நிறுத்திவிடலாம். எரிபொருள் கலவையைத் தானாகச் சரிசெய்வதைச் சில வாரம் விட்டுவைக்கலாம், தவறில்லை.

பறந்துகொண்டிருக்கும்போதே ஜாய்ஸ்டிக் செத்துப்போகிறதா? விண்டோஸ் மின்சாரம் மிச்சப்படுத்துகிறது. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

கிராஃபிக்ஸுக்கு ஒரு மாலை, அதற்கு மேல் இல்லை

ஃப்ரேம் எண்ணிக்கையை, அதாவது நொடிக்குத் திரையில் வரும் படங்களை, 30-இல் பூட்டுங்கள். 25-க்கும் 60-க்கும் இடையே துள்ளுவதைவிட அசையாத 30 கண்ணுக்கு இதம். திக்கினால் முதலில் குறைக்க வேண்டியது டெரெய்ன் டீட்டெயில், அது சிபியுவைத் தின்னும். பெரிய விமான நிலையங்களில் மட்டும் திக்கினால் தரையில் நிற்கும் விமானங்கள், வண்டிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பறந்து சற்று நேரம் கழித்துத் திடீரென்று படுத்துவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி நிரம்பியிருக்கலாம், டெக்ஸ்சரை ஒரு படி இறக்கிப் பாருங்கள். பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். பறப்பதை விட்டு ஃப்ரேம் எண்ணுவதே பொழுதுபோக்காகிப் போனவர்கள் நிறைய.

சர்க்யூட்: உண்மையான பயிற்சி இங்கேதான்

ஏறி, ஒரு செவ்வகம் சுற்றி, அதே ரன்வேயில் இறங்குவதுதான் சர்க்யூட். பத்து நிமிடத்துக்குள் முடியும். ஏறுவது, திரும்புவது, வேகம் குறைப்பது, இறங்குவது என்று அடிப்படை எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

திருச்சி ரன்வே 09/27, கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தரைமட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 290 அடி. முதலில் காற்றே இல்லாத வானிலையை வைத்து 27-இல், அதாவது மேற்கு பார்த்துக் கிளம்பும் கிழக்கு முனையில், நில்லுங்கள். முழு த்ராட்டில். மூக்கு இடப்பக்கம் இழுக்கும். புரொப்பெல்லர் விமானம் அப்படித்தான், வலது ரட்டரால் நேராகப் பிடியுங்கள். 55 நாட் வேகத்தில் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) மூக்கை மெல்லத் தூக்குங்கள், 74 நாட்டில் ஏறுங்கள். உயரமானி 900 அடி காட்டும்போது இடப்பக்கம் தெற்கே திரும்பி, மறுபடி இடப்பக்கம் கிழக்கே திரும்புங்கள். 1,300 அடியில் சமன். த்ராட்டிலை 2,200 ஆர்பிஎம்முக்கு (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) குறைத்தால் வேகம் 90 நாட்டை ஒட்டி நிற்கும். ரன்வே இப்போது உங்கள் இடப்பக்கம், அதற்கும் அப்பால் வடக்கே மலைக்கோட்டை. இறக்கையைத் தாங்கும் கம்பியின் பாதியில் ரன்வே தெரிந்தால் தூரம் சரி. கம்பியின் அடியில் தெரிந்தால் மிக அருகில் பறக்கிறீர்கள், கடைசித் திருப்பத்துக்கு இடம் போதாது.

இறங்க வேண்டிய முனைக்கு நேராக வந்ததும் 1,500 ஆர்பிஎம், முதல் ஃபிளாப், வேகம் 80. அந்த முனை இடது தோளுக்குப் பின்னால் 45 டிகிரியில் போனதும் வடக்கே திரும்புங்கள். இரண்டாவது ஃபிளாப், 75 நாட். ரன்வேயைப் பார்த்துத் திரும்பியதும் (இதுதான் ஃபைனல்) முழு ஃபிளாப், 65 நாட். அப்போது தரையிலிருந்து 400, 500 அடி உயரத்தில் இருக்க வேண்டும்.

கண்ணாடியில் ரன்வேயின் ஒரு புள்ளி அசையாமல் நின்றால் நீங்கள் அங்கேதான் போய்ச் சேர்வீர்கள். புள்ளி மேலே நகர்ந்தால் முன்னாடியே விழப்போகிறீர்கள், கீழே நகர்ந்தால் தாண்டிப் போகிறீர்கள். தாழ்ந்து போகும்போது ஸ்டிக்கை இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இழுத்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் இன்னும் தாழும். தாழ்ந்தால் 100 ஆர்பிஎம் கூட்டுங்கள். வேகத்தை மூக்கை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். தரையிலிருந்து 300 அடியில் வேகம் 60-க்கும் 70-க்கும் இடையே இல்லை, அல்லது ரன்வேக்கு நேராக இல்லை என்றால் கோ அரவுண்ட்: முழு த்ராட்டில், ஃபிளாப் ஒரு படி உள்ளே, 60 நாட்டில் ஏறி மறுபடி சுற்றுங்கள். அடம்பிடித்து இறக்குவதில் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது.

தரையைத் தொடும் தருணம் சிமுலேட்டரில் உண்மையைவிடக் கடினம். தட்டைத் திரையில் ஆழம் தெரியாது. அதனால் பார்வையை ரன்வேயின் மறுகோடிக்குக் கொண்டுபோங்கள். இரு ஓரங்களும் சட்டென்று பக்கவாட்டில் விரியும் கணத்தில் த்ராட்டிலை மூடி, ஸ்டிக்கை மெதுவாக, நிறுத்தாமல் பின்னுக்கு இழுங்கள். ஜூமை மாற்றினால் இந்த விரியும் கணமும் மாறிவிடும். எனவே இருக்கை உயரத்தையும் ஜூமையும் ஒருமுறை சரிசெய்து சேமித்துவிட்டால் பிறகு தொடவே கூடாது. நேற்று நன்றாக இறங்கியவர் இன்று துள்ளுவதற்குப் பலமுறை இதுதான் காரணம்.

டிரிம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் இருப்பதால், கையை எடுத்தால் நடுவுக்கு ஓடிவிடும். முதலில் ஸ்டிக்கால் மூக்கை வேண்டிய இடத்தில் பிடியுங்கள். பிறகு டிரிம்மை ஒவ்வொரு தட்டாகத் தட்டிக்கொண்டே ஸ்டிக்கை நடுவுக்கு விட்டுக்கொடுங்கள். மூக்கு அசையக் கூடாது. கையை எடுத்தும் உயரம் மாறாமல் நின்றால் முடிந்தது. டிரிம்மாலேயே மூக்கைத் தூக்கி இறக்கினால் விமானம் ஊஞ்சலாடும்.

காற்றில்லாத வானிலையில் ஒழுங்காக இறங்கப் பழகியதும் குறுக்குக் காற்றை 5 நாட்டில் தொடங்குங்கள். செஸ்னா 172 இறங்க முடியும் என்று சோதனையில் செய்துகாட்டப்பட்ட குறுக்குக் காற்றின் அளவு 15 நாட். அதன் பிறகு நிஜ வானிலையைப் போடுங்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது திருச்சிப் பக்கம் வெறும் பழமொழி இல்லை. ஜூலையில் மேற்கேயிருந்து வரும் காற்று கிட்டத்தட்ட 27-க்கு நேர் எதிரே வீசும், திசை பெரிதாகப் படுத்தாது. ஆனால் வீச்சுக்கு வீச்சு வேகம் மாறுவதால் 65 நாட்டைப் பிடித்து நிறுத்துவதே பெரும் வேலை.

திருச்சியிலிருந்து மதுரைக்கு

அடுத்த கட்டம் ஜிபிஎஸ் இல்லாமல் ஓர் ஊருக்குப் போவது. மதுரை விமான நிலையம் திருச்சியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 67 கடல் மைல் (இனி மைல் என்றால் இதுதான்), திசை ஏறத்தாழ 215 டிகிரி. மேற்கே சாயும் பயணங்களுக்கான வழக்கமான உயரங்களில் ஒன்றான 4,500 அடியில் பறங்கள். 110 நாட் வேகத்தில் காற்றில்லாவிட்டால் 37 நிமிடம்.

மேற்கிலிருந்து 20 நாட் காற்று என்றால் கணக்கு மாறும். காற்றுக்கும் பாதைக்கும் இடையே 55 டிகிரி கோணம், அதில் குறுக்கே தள்ளுவது 16 நாட் சொச்சம். 60-ஐ 110-ஆல் வகுத்து, அந்த 16-ஆல் பெருக்கினால் 9 டிகிரி. மூக்கை 224-இல் வைத்தால்தான் பாதையில் போவீர்கள். எதிர்க்காற்றும் 11 நாட் உண்டு, பயணம் 41 நிமிடமாகும். எரிபொருள் மணிக்கு சுமார் 10 கேலன். 25 கேலன் போட்டால் தாராளம்.

வழி நெடுகிலும் கீழே மதுரை நெடுஞ்சாலை துணைக்கு வரும். வலப்பக்கம் சற்றுத் தள்ளி விராலிமலை, பிறகு துவரங்குறிச்சி, அதன்பின் அழகர்மலை. ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் தள்ளிப்போனால் காற்று நீங்கள் நினைத்ததுபோல் இல்லை. கோணத்தைத் திருத்துங்கள். அழகர்மலையைத் தாண்டியதும் நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்கத் தொடங்குங்கள். படுத்த யானையாக யானைமலை தெரிந்தால் விமான நிலையம் இன்னும் எட்டு மைல் தெற்கே. மதுரையின் ரன்வேயும் 09/27-தான். தரைமட்டம் சுமார் 450 அடி, ஆகவே சுற்றும் உயரம் 1,450.

நோட்டு

லிட்டில் நேவ்மேப் என்ற இலவச மென்பொருள் பறந்த பாதையைத் தானாகப் பதிந்துவிடும். அது எழுதாததை நீங்கள் எழுதுங்கள்: தேதி, ரன்வே, காற்று, கெட்டுப்போன ஒரு விஷயம். ‘ஃபைனலில் 75 நாட், பாதி ரன்வே மிதந்தேன்’ என்று ஒரு வரி போதும். அடுத்த முறை பறப்பது அந்த ஒரு வரியைத் திருத்துவதற்கு. வாரம் இரண்டு தடவை, முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் குடும்பத்திலும் சண்டை வராது.

பெரிய விமானம்

ஏர்பஸ் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டுக்கு ஃப்ளைபைவயரின் ஏ320 நியோ இலவசம், சிம்ப்ரீஃபில் பயணத் திட்டமும் இலவசம். முதல் பயணத்துக்குச் சென்னை–திருச்சி வேண்டாம். 160 மைல்தான், ஏறி முடிப்பதற்குள் இறங்கும் வேலை வந்து நிற்கும். சென்னை–மும்பை 560 மைல், நடுவில் அடுத்ததைப் படித்துத் தயாராக நேரம் கிடைக்கும். இறங்கத் தொடங்கும் இடத்துக்கு, இழக்க வேண்டிய உயரத்தை ஆயிரத்தில் எடுத்து 3-ஆல் பெருக்குங்கள். 36,000-இலிருந்து 2,000-க்கு என்றால் 102 மைல், வேகம் குறைக்க இன்னொரு 10. கடைசி இறக்கத்தில் தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று வரும். 140 நாட்டுக்கு 700.

சிமுலேட்டருக்குப் பெரிய அப்டேட் வந்த அன்று விமானம் ஏறவில்லை, திரை கறுப்பாக நிற்கிறது என்றால், நீங்கள் கூடுதலாகப் போட்ட ஆட்-ஆன்கள் இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரில் உள்ளதையெல்லாம் வேறொரு இடத்துக்கு மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் பழி ஏதோ ஒரு ஆட்-ஆன் மீது. பாதிப்பாதியாகத் திரும்பப் போட்டால் எது என்று சீக்கிரம் பிடிபடும். முழுசாக அழித்து மறுபடி இறக்குவது கடைசி வழி.

ஆள் குரல்

வாட்சிம் 2001 முதல் இருக்கும் இலவச வலை, சிமுலேட்டரில் பறப்பவர்கள் இணையம் வழியே ஒன்றுசேரும் இடம். அங்கே விமானங்களுக்கு வழிசொல்லும் கன்ட்ரோலர்களும் நிஜ மனிதர்கள்தான். சேரும்போது ஒரு சின்னத் தேர்வு உண்டு. முதலில் பறக்காமல் வெறும் பார்வையாளராக நுழைந்து சில மாலை கேளுங்கள். கன்ட்ரோலர் இருக்கும் அமைதியான விமான நிலையத்தில், நோட்டில் வார்த்தைகளை எழுதி வைத்துக்கொண்டு முதல் அழைப்பைச் செய்யலாம். அனுமதியைத் திருப்பிச் சொல்லும்போது வேகம் தேவையில்லை, எண்கள் சரியாக இருந்தால் போதும். கை நிறைய வேலை இருக்கும்போது கூப்பிட்டால் ‘ஸ்டேண்ட்பை’. புரியாவிட்டால் ‘ஸே அகெய்ன்’. குத்துமதிப்பாக ‘ராஜர்’ (கேட்டுக்கொண்டேன்) சொல்லிவிட்டுத் தப்பான உயரத்துக்குப் போனால்தான் கன்ட்ரோலருக்குக் கோபம் வரும்.