டூரெட் பிள்ளைகள்: டிக்கைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை வேண்டுமென்று செய்யாமலே, திடீரென்று திரும்பத் திரும்ப வரும் அசைவோ சத்தமோதான் டிக். அப்படி அசைவும் சத்தமும் நீண்ட காலம் வரும் நரம்பு சார்ந்த நிலைதான் டூரெட். தோட்டப் பாடசாலைகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள். பிள்ளையை அடிக்காதீர்கள் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை, அது தெரிந்ததுதான்.

சளி என்று முடிவு கட்டுவது

நுவரெலியாக் குளிரில் செருமாத பிள்ளை ஏது? அதனால்தான் குரல் டிக் இங்கே கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. செருமல், மூக்குறிஞ்சல், சின்ன உறுமல் எல்லாம் எளிய குரல் டிக்காக இருக்கலாம். டிஸ்பென்சரியில் தரும் சளி மருந்துக்கும் மசியாமல், கூடவே கண் சிமிட்டலோ தோள் குலுக்கலோ இருந்தால் யோசியுங்கள்.

கெட்ட வார்த்தைக்குக் காத்திருப்பது

டூரெட் என்றால் தன்னையறியாமல் கெட்ட வார்த்தை வரும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் அது வரும்.

நக்கல் என்று நினைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். எளிய டிக் சட்டென்று வெட்டி மறையும்: கண், கழுத்து, தோள். சிக்கலான டிக் அப்படி இல்லை. பல தசைகள் சேர்ந்து இயங்குவதால் வேண்டுமென்றே செய்வதுபோல இருக்கும். குதிப்பது, பக்கத்துப் பிள்ளையைத் தொடுவது, கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வது எல்லாம் இந்த வகை.

தரம் ஐந்தில் ஒரு பையன். டீச்சர் "அடுத்த பக்கம் எடுங்க" என்றால் பின் வாங்கிலிருந்து "எடுங்க" என்று வரும். வகுப்பே சிரிக்கும். அவனை வராந்தாவில் பனிக்குள் நிறுத்திவிடுவார்கள். கேட்டால், "காலைக் கூட்டத்தில வாயே திறக்கிறதில்லையே, இங்க மட்டும் ஏன் முடியாது?"

முடியும், கொஞ்ச நேரத்துக்கு. தும்மல் வருமுன் மூக்கில் ஏறுமே, அதுபோல ஓர் உந்தல் முன்னால் வரும். பலருக்கு அதைப் பிடித்துவைக்க முடியும். ஆனால் அந்த நேரமெல்லாம் கவனம் முழுவதும் அதிலேயே இருக்கும். கூட்டத்தில் அடக்கியது முதல் பாடத்தில் வெளியே வந்தது, அவ்வளவுதான். அடக்கு என்று சொல்லச் சொல்ல இன்னும் கூடும். டிக் பெரும்பாலும் 10 முதல் 12 வயதில்தான் உச்சத்துக்குப் போகும். புலமைப்பரிசில் பரீட்சையும் அந்த நேரத்தில்தான். அவன் பாதிப் பாடத்தை வராந்தாவில் நின்றே தொலைத்தான். "எம்புள்ள வேணும்னே செய்யல டீச்சர்" என்று அப்பா வந்து சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கண்டுகொள்ளாமல் பாடத்தை நடத்துங்கள். கேட்டால் கொஞ்ச நேரம் வெளியே போய்வர விடுங்கள். சிரிக்கிற பிள்ளைகளுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அவனிடமும் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு.

ஒரு நாள் பார்த்துத் தீர்மானிப்பது

டிக் வரும், போகும், இடம் மாறும். கண் சிமிட்டல் நின்ற வாரம் கோயிலில் கட்டிய நூலுக்குப் பெயர் கிடைக்கும். அப்புறம் கழுத்து வெட்டத் தொடங்கும். டூரெட் என்று சொல்ல, குறைந்தது இரண்டு அசைவு டிக்கும் ஒரு குரல் டிக்கும் இருந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே சமயத்தில் இருக்க வேண்டியதில்லை. 18 வயதுக்கு முன் தொடங்கி ஒரு வருடம் தாண்டியிருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் டொக்டர். நீங்கள் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தாலே பெரிய உதவி.

எல்லா அசைவையும் டிக் என்பது

நினைவு தப்பினால் வலிப்பாக இருக்கலாம். நேரே ஆஸ்பத்திரிக்கு.