அயரும் ஓட்டுநரை அறிவதில் நேரும் தவறுகள்

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் கடந்துவிடும். நான்கு நொடி கண் அயர்ந்தால் 100 மீட்டர் தூரத்துக்கு வண்டியை ஓட்ட ஆளே இல்லை. அந்த நான்கு நொடியை முன்கூட்டியே அறியத்தான் ஓட்டுநரைக் கண்காணிக்கக் காரில் இத்தனை கேமராக்களும் சென்சார்களும். அவற்றை அமைக்கும்போது செய்யும் தவறுகள் உயிரோடு விளையாடுபவை என்பதால் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

கொட்டாவிக்காகக் காத்திருக்காதீர்கள். கொட்டாவியே விடாமல் தூங்கிப்போகிறவர்கள் பலர். அதைவிட நம்பத்தக்க சாட்சி இமை. ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமைகள் 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தன என்று கணக்கிடுவதை 'பெர்க்ளோஸ்' என்பார்கள். ஆனால் அதை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். கறுப்புக் கண்ணாடி அணிந்தவரிடம் அது தடுமாறும். கண்கள் திறந்திருக்க, மூளை மட்டும் உறங்கும் கணங்களும் உண்டு.

எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைப்பதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. ஒருவருக்கு இயல்பான நாடித்துடிப்பு 60, இன்னொருவருக்கு 85. சிலருக்குப் பிறவியிலேயே சிறிய கண்கள். அவர்களைப் பார்த்து நாள் முழுவதும் 'தூங்குமூஞ்சி' என்று கருவி அலறும். ஆகவே ஒருவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பயணத்தின் முதல் பத்து நிமிடத்தை 'இயல்பு' என்று பதிவு செய்கிறோம். அவர் களைப்போடுதான் வண்டியில் ஏறினார் என்றால்? களைப்பே இயல்பாகப் பதிவாகிவிடும். விழித்திருந்த நேரத்தையும் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதோடு ஒப்பிடத்தக்கது என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

வண்டி தடத்தில் அலைவதை அளப்பது நல்ல வழி. ஆனால் அலைச்சல் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பேச்சில் மூழ்கியவர் சில நேரம் வழக்கத்தைவிட நேராகவே ஓட்டுவார். எதிர்பாராமல் ஒன்று குறுக்கிடும்போதுதான் பிரேக் தாமதமாகும். தடம் காக்கும் உதவி இயங்கும் காரிலோ, ஸ்டீயரிங்கைத் திருத்துவது இயந்திரம். அப்போது நாம் அளப்பது மனிதரை அல்ல.

ஒரே ஆளின் பதிவுகளைக் கருவிக்குக் கற்றுத்தரும் பயிற்சிக்கும் அதைச் சரிபார்க்கும் சோதனைக்கும் பிரித்துப் போட்டுவிட்டு 'துல்லியம் அபாரம்' என்பதும் தவறே. கருவி இதுவரை காணாத முகத்தைக் கொண்டு சோதியுங்கள், சிமுலேட்டரோடு, அதாவது திரையில் ஓட்டிப் பார்க்கும் போலிக் காரோடு, நிற்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் இந்த எச்சரிக்கை வசதி கட்டாயம். ஆனால் கருவி ஒலித்த பிறகும் சில ஓட்டுநர்கள் ஜன்னலைத் திறந்தும் பாட்டை உரக்க வைத்தும் சமாளிக்க முயல்கிறார்கள். அந்தத் தெளிவு சில நிமிடங்களில் கரைந்துவிடும். வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, 15 முதல் 20 நிமிடம் உறங்குங்கள்.