பற்றரியைப் பூட்டுவதற்கு முன்: 11 வருடம் நின்ற மொறிஸ் மைனரை வீட்டில் எழுப்புவது எப்படி

கோண்டாவிலில் மாமா வீட்டு வளவில், மாமரத்துக்குக் கீழே 11 வருடம் அசையாமல் நின்ற 1959 மொறிஸ் மைனர் இப்போது ஓடுகிறது. போன வெள்ளிக்கிழமை மாமியை அதில்தான் நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கராச்சில் விட்டுச் செய்விக்கப் பணம் இல்லை. சனி, ஞாயிறு நாட்களில் வளவிலேயே வைத்துச் செய்த வேலை இது.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களுக்கும் விலை ஏறியது. வேலியோரம் கிடந்த ஒஸ்ரின், மொறிஸ் எல்லாவற்றையும் ஆட்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். 2025 இல் இறக்குமதி திறந்துவிட்டது. ஆனாலும் "எங்கட வீட்டிலயும் ஒண்டு நிக்குது, எங்க தொடங்கிறது?" என்று கேட்பவர்கள் குறையவில்லை. அவர்களுக்காக எழுதுகிறேன். சில்லுக் கழற்றுவதும் ஒயில் மாற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயின்றைக் கடைசிக்கு விடுங்கள். கையில் இருக்கும் காசு முதலில் பிறேக்குக்கு, அடுத்தது வயருக்கு. பளபளவென்று பெயின்ற் அடித்து, அப்புறம் பிறேக்குக்குக் காசில்லாமல் திரும்பவும் படங்கால் மூடி வைத்த கார்களை இங்கே நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்பானர் வாங்கும்போது

மைனரின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. ஜப்பான் வாகனத்துக்கு வைத்திருக்கும் மில்லிமீற்றர் ஸ்பானரோடு இறங்க வேண்டாம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். 13 ஆம் நம்பர் ஸ்பானர் அதில் போய் நிற்கும், ஆனால் கறள் பிடித்த நட்டில் மூலையை வழித்துவிடும். 7/16, 1/2, 9/16 மூன்றிலும் நல்ல றிங் ஸ்பானர் வாங்குங்கள். பெரிய செற் தேவையில்லை. கூடவே ஒரு டிஜிற்றல் மல்ரிமீற்றர் வேண்டும், மலிவானதே போதும். பலர் ரெஸ்ற் லாம்ப் போதும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல்ப் எந்தப் பக்கம் மாட்டினாலும் எரியும். மீற்றர்தான் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் முன்னால் ஒரு கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டின் அருமை கீழே வரும்.

காரைத் தூக்கினால் சீமெந்துக் கல் அடுக்கி நிறுத்தாதீர்கள். அது சொல்லாமல் வெடித்து நொறுங்கும். சரியான ஸ்ராண்ட் இல்லையென்றால் அகலமான பனங்குற்றிகளை நன்றாக இருத்தி, காரை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போங்கள். கீழே போனதும் ஒரு ஸ்குறூ டிறைவரால் கதவுக்குக் கீழ்ப்பகுதி, ஜாக் வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் பூட்டியிருக்கும் இடம் மூன்றையும் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது வெல்டிங் வேலை. கடற்கரைப் பக்கத்துக் காராக இருந்தால் இந்தச் சோதனை முடியும் வரை விலை பேசவே வேண்டாம்.

எஞ்சினும் தண்ணீரும்

ஆசையில் உடனே ஸ்ரார்ட் அடிக்காதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு இரண்டு நாள் வையுங்கள். பிறகு கியரை நியூற்றலில் போட்டு, முன்னால் ஹாண்டிலை மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஹாண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறிந்துவிடும். பிளக் கழற்றியிருக்கும்போதே இந்தப் பழக்கத்தைக் கையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துக் கார் என்றால் மண்ணெண்ணெயில் ஓடியதா என்றும் பாருங்கள். 90 களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் இங்கே கார்கள் ஓடின. மாமாவின் காரில் அப்படி மாற்றுவதற்குப் பூட்டிய சின்னக் குழாயும் திருகுபிடியும் அப்படியே இருந்தன. அதைக் கழற்றி எடுத்து வைத்திருக்கிறேன், எறிய மனம் வரவில்லை. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக இறங்கி ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். ஆகவே ஒயிலை ஸ்ரார்ட் செய்ய முதலே மாற்றுங்கள், ஓடி 200 கிலோமீற்றரில் திரும்பவும் மாற்றுங்கள். தாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோலையும் முழுதாக இறக்கிவிடுங்கள்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள் படியும் அதே வெள்ளைப் படிவுதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. வினாகிரியும் தண்ணீரும் கலந்து விட்டுச் சிறிது நேரம் ஓட்டி, ஆறவிட்டு இறக்கிக் கழுவுங்கள். எஞ்சினின் பக்கத்தில் இருக்கும் இறக்கு குழாயையும் திறக்க வேண்டும். அது அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்துங்கள். பிறகு பிடித்து வைத்த மழைத் தண்ணீர், அல்லது பற்றரித் தண்ணீர் (அமிலம் அல்ல, வடித்த தண்ணீர்) விடுங்கள். ஏறக்குறைய 5 லீற்றர் போகும்.

பற்றரி: என்னை விழுத்திய இடம்

இந்தப் பகுதியை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

புதுப் பற்றரி வாங்கி வந்தேன். நான் பார்த்த எல்லா வாகனத்திலும் மைனஸ்தான் பொடிக்கு, அதாவது காரின் இரும்பு உடலுக்கு, போகும். அப்படியே பூட்டினேன். ஆனால் பொடியிலிருந்து வரும் பின்னல் வயரின் வளையம் பற்றரியின் மைனஸ் முனையில் தொளதொளவென்று இருந்தது. மற்ற வளையம் பிளஸ் முனையில் இறங்கவே இல்லை. ஒன்றை நெரித்து, மற்றதை விரித்துப் பூட்டினேன். கார் ஸ்ரார்ட் ஆகியது, லைற் எரிந்தது, வைப்பர் ஓடியது. ஐடிலில் ஐந்து நிமிடம் நன்றாக நின்றது. பிறகு அக்ஸிலேற்றரை மிதித்தேன். எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள தீச்சுவருக்கு முன்னால், பற்றரி சார்ஜாவதைக் கட்டுப்படுத்தும் கொன்ற்றோல் பெட்டியிலிருந்து புகை வந்தது.

பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் பழைய மெக்கானிக் ஐயா வந்து பொனற்றைத் திறந்தார். "தம்பி, இந்தக் காரில பிளஸ்தான் பொடிக்குப் போறது. ஆர் உமக்கு மாத்திப் பூட்டச் சொன்னது?" என்றார்.

மொறிஸ் மைனர் பிளஸ் ஏர்த் வண்டி. அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவும் அப்படித்தான். பற்றரியின் இரண்டு முனைகளில் பருத்தது எப்போதும் பிளஸ். பொடி வயரின் வளையம் பெரிதாக இருந்ததே அதற்காகத்தான். வளையம் பொருந்தவில்லை என்றால் நெரிக்காதீர்கள். நின்று யோசியுங்கள்.

ஏன் புகைந்தது? பற்றரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்குள் இருக்கும் இரும்பில் சிறிது காந்தம் எப்போதும் மிஞ்சியிருக்கும். மின் எந்தத் திசையில் வரும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பற்றரியை மாற்றினாலும் டைனமோவுக்கு அது தெரியாது, பழைய திசையிலேயே மின்னைத் தரும். ஐடிலில் அதன் வோல்ற்றேஜ் குறைவு, ஆகவே கொன்ற்றோல் பெட்டியில் உள்ள கட்-அவுட், அதாவது டைனமோவைப் பற்றரியோடு இணைக்கும் தானியங்கிச் சுவிச், இணைக்காமல் திறந்தே இருக்கும். வேகம் கூடியதும் கட்-அவுட் மூடும். சரியான திசையில் என்றால் டைனமோவும் பற்றரியும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும், மிஞ்சியது மட்டும் சார்ஜாகப் போகும். திசை மாறியிருந்தால் இரண்டும் சேர்ந்துகொண்டு ஒரே பக்கம் தள்ளும். அந்தக் கரண்ட் கட்-அவுட் முனைகளை உருக்கி ஒட்டிவிடும். ஒட்டிவிட்டால் எஞ்சினை நிறுத்தியும் பயனில்லை, பற்றரி வயரைப் பிடுங்க வேண்டும்.

அந்தப் பெட்டியைக் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பழையதாகத் தேடி எடுப்பித்தேன். நீங்கள் அந்தச் செலவுக்குப் போக வேண்டாம்.

லைற்றும் ஹோனும் போதும் என்றால் பிளஸ் ஏர்த்தை அப்படியே விடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு எல்.ஈ.டி. சிக்னலும் போன் சார்ஜரும் வேண்டியிருந்ததால் மைனஸுக்கு மாற்றினேன். ஒழுங்கு இது:

1. பற்றரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். யாராவது பின்னாளில் பூட்டிய ரேடியோ, எல்.ஈ.டி. இருந்தால் அவற்றையும் பிரித்துவிடுங்கள்.

2. டைனமோவின் பின்னால் இரண்டு முனை இருக்கும். பெரியது டி, சிறியது எஃப். இரண்டு வயரையும் கழற்றித் தள்ளி வையுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. வயர் மாட்டியபடியே அடுத்த வேலையைச் செய்தால் கரண்ட் கொன்ற்றோல் பெட்டிக்குள் போய்விடும்.

3. பற்றரியின் மைனஸைப் பொடிக்குப் பூட்டுங்கள். பிளஸ் முனையிலிருந்து ஒரு தனி வயர் எடுத்து, டைனமோவின் சிறிய முனையில், எஃபில், ஒவ்வொரு விநாடியாக மூன்று நான்கு தடவை தொடுங்கள். எடுக்கும்போது சிறு பொறி வரும். காந்தம் திசை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

4. டைனமோ வயர்களைத் திரும்பப் பூட்டுங்கள். இக்னிஷன் கொயிலின் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றுங்கள். பழைய கொயிலில் எஸ்.டபிள்யூ, சி.பி. என்று எழுதியிருக்கும். இப்போது சி.பி. பக்கத்துக்கு சுவிச்சிலிருந்து வரும் வயர், எஸ்.டபிள்யூ பக்கத்துக்கு டிஸ்ரிபியூற்றர் வயர். மாற்றாவிட்டாலும் ஓடும், ஆனால் பிளக்கில் பொறி வலுக் குறையும், ஸ்ரார்ட் ஆகச் சிணுங்கும்.

5. அம்மீற்றர் இருந்தால் அதன் வயர்களையும் மாற்றுங்கள். ஸ்ராட்டர், லைற், ஹோன் எதையும் தொட வேண்டாம், அவற்றுக்குத் திசை கிடையாது.

இப்போது ஸ்ரார்ட் செய்து, மீற்றரைப் பற்றரியில் பிடியுங்கள். நிற்கும்போது 12.5 வோல்ற் அளவில் இருந்தது, வேகம் கூட்டும்போது 14 க்கு அருகே ஏற வேண்டும். டாஷில் உள்ள சிவப்பு விளக்கு அணைய வேண்டும். கடைசியாக, சிவப்புப் பெயின்றால் பொனற்றுக்கு உள்பக்கம் பெரிதாக "மைனஸ் ஏர்த்" என்று எழுதுங்கள். நாளைக்கு இந்தக் காரைத் திறப்பவர் விடயம் தெரிந்த ஐயாவாக இருந்தால், அவர் பழைய முறைப்படி பிளஸைப் பொடிக்குப் பூட்டிவிடுவார்.

வயரில் இன்னும் இரண்டு வேலை. இந்தக் காரில் பெரிய லைற்றுக்கு பியூஸே கிடையாது. துணி சுற்றிய பழைய வயர் உரிந்து எங்காவது பட்டால் நேரே எரியும். ஒரு தனி பியூஸ் பிடி வாங்கிப் பூட்டுங்கள், சின்னச் செலவு. எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் பின்னல் வயரையும் பாருங்கள். அது அறுந்திருந்தால் ஸ்ராட்டர் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் சுடும். ஸ்ரார்ட் அடிக்கும்போது சோக் பிடி சூடானால் காரணம் இதுதான்.

பிறேக்

மைனருக்கு ஒரே பிறேக் லைன். ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை. ஆகவே இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி, தகட்டின் ஸ்குறூக்களைக் கழற்றினால் மேலிருந்தே கை போகும். எல்லா றப்பரையும் மாற்றுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று றப்பர்க் குழாய்களையும் மாற்றுங்கள். முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர் இருக்கும், ஒன்றை மறந்துவிடாதீர்கள். றப்பரைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் ஊதிப்போகும். பிறேக் ஒயிலால் மட்டும் துடையுங்கள். நான் டொட் 4 வகைப் பிறேக் ஒயில் விட்டேன். பிறேக் லைனிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரத்திலிருந்து கிட்ட வாருங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

அப்படியே முன் சில்லுக்குப் பின்னால் மேலும் கீழும் இருக்கும் கிறீஸ் நிப்பிள்களில், பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வந்து புதியது தெரியும் வரை அடியுங்கள். இந்தக் காரில் சில்லு மடிந்து விழுவது அந்தக் கீழ் மரை தேய்ந்துதான். கிறீஸ் அடித்த பிறகும் சில்லை மேலும் கீழும் ஆட்டும்போது அங்கே ஆட்டம் தெரிந்தால் வீதிக்கு எடுக்காதீர்கள்.

சேர்க்கை: பருத்தித்துறையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். மேலே மூன்றாவது படியில் பற்றரி வயரைத் தொட்டதும் பெரிய பொறி பறந்து பெல்ற் வெடுக்கென்று இழுத்ததாம். அவர் தொட்டது டி முனையை. பிளஸ் வயரை அங்கே கொடுத்தால் டைனமோ மோட்டாராகச் சுற்றப் பார்க்கும். எழுத்து அழிந்திருந்தால் அளவைப் பாருங்கள், தொட வேண்டியது சிறிய முனை.

இன்னொரு சேர்க்கை: எல்.ஈ.டி. சிக்னல் பூட்டினேன், எரிகிறது, மினுங்கவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பழைய பிளாஷர் சூட்டில் வேலை செய்வது, பல்ப் இழுக்கும் கரண்ட் இல்லாமல் அது சூடாகாது. எல்.ஈ.டி.க்கென்று வரும் இலக்ரோனிக் பிளாஷர் வாங்குங்கள். அதற்கும் பிளஸ், மைனஸ் உண்டு, மேலே உள்ள வேலை முடிந்த பிறகே பூட்டுங்கள். 1961 வரை வந்த மைனர்களில் கதவுக்குப் பின்னால், திரும்பும் பக்கம் கைபோல எழும்பும் கைகாட்டி இருக்கும். அதைக் கழற்ற வேண்டாம், பிளஸ் ஏர்த், மைனஸ் ஏர்த் இரண்டிலும் அது வேலை செய்யும். மாமாவின் கார் திரும்பும்போது இப்போது எல்.ஈ.டி.யும் மினுங்குகிறது, கையும் எழும்புகிறது.