உங்கள் கேம் கீ மறுவிற்பனைத் தளத்தில் தென்பட்டால்: சிறு கேம் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கேமை உருவாக்கி ஸ்டீம் என்ற இணையக் கடையில் வெளியிட்ட சிறு குழுவுக்கு, அதே கேமின் கீ (கணக்கில் இட்டால் கேமைத் திறந்துவிடும் குறியீடு) வேறொரு தளத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்ற தகவல் பெரும்பாலும் ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சலில்தான் வந்து சேர்கிறது. பல வருட உழைப்பு யாரோ ஒருவரின் லாபமாவதைக் காணும்போது, அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லிப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டவே முதலில் தோன்றும். அப்படிச் செய்வதற்கு முன், அந்தக் கீ யாரிடமிருந்து புறப்பட்டது என்ற ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். இத்தகைய தகராறுகளில் விடையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்திருக்கிறது. விடை இல்லாதவர்களுக்கு அனுதாபம் மட்டுமே கிடைத்திருக்கிறது.

ஸ்டீம் போன்ற கடைகள், கேமை வெளியிடுபவர் கேட்டால் ஆக்டிவேஷன் கீகளை இலவசமாக உருவாக்கித் தருகின்றன. அவற்றைக் கடைக்கு வெளியே விற்றால் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் பங்கைப் பிடித்துக்கொள்வதில்லை. அதனால் கீகள் பங்காளிக் கடைகளுக்கும், பல கேம்களைச் சேர்த்து விற்கும் பண்டில் தொகுப்புகளுக்கும், விமர்சகர்களுக்கும், பரிசுப் போட்டிகளுக்கும் தாராளமாகப் போகின்றன. ஆனால் கீ என்பது பெயர் எழுதாத பஸ் டிக்கெட்டைப் போன்றது. யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது செல்லும். எத்தனை கை மாறி வந்தது என்பது அதன் மேல் எழுதியிருக்காது.

மறுவிற்பனைத் தளத்தில் உள்ள ஒரு கீ பொதுவாக நான்கு வழிகளில் ஒன்றில் அங்கே வந்திருக்கும். திருட்டு கிரெடிட் கார்டு எண்ணைக் கொண்டு உங்கள் சொந்தக் கடையிலோ பங்காளிக் கடையிலோ வாங்கப்பட்டிருக்கலாம். கார்டின் உண்மையான உரிமையாளர் வங்கியில் புகார் செய்ததும் பணம் உங்கள் கணக்கிலிருந்து திரும்பப் போகும் (இதுவே சார்ஜ்பேக்), அதோடு அதற்கான கட்டணமும் உங்கள் தலையில் விழும். விமர்சகர் என்றோ யூடியூபர் என்றோ பொய் சொல்லி மின்னஞ்சலில் இலவசமாகக் கேட்டு வாங்கியதாக இருக்கலாம். பண்டிலிலோ தள்ளுபடியிலோ பணம் கொடுத்து வாங்கியவர், தனக்கு வேண்டாததை விற்பதாக இருக்கலாம். விலை குறைவான நாட்டில் மொத்தமாக வாங்கி, விலை அதிகமான நாட்டில் விற்பதாகவும் இருக்கலாம். முதல் இரண்டும் மோசடி. மூன்றாவதும் நான்காவதும் பெரும்பாலும் ஒப்பந்த மீறல் என்ற அளவிலேயே நிற்கும். நான்கையும் ஒரே வார்த்தையில் திருட்டு என்று சொல்லிவிட்டால், எதிர்த்தரப்பு மூன்றாவது வகையை மட்டும் எடுத்துக் காட்டி உங்கள் புகார் முழுவதையும் தள்ளிவிடும்.

2016 ஜூன் மாதம் டைனிபில்ட் என்ற வெளியீட்டு நிறுவனத்துக்கும் ஜி2ஏ என்ற மறுவிற்பனைத் தளத்துக்கும் நடந்த தகராறு இதைத்தான் காட்டியது. பன்ச் கிளப், பார்ட்டி ஹார்ட், ஸ்பீட்ரன்னர்ஸ் ஆகிய கேம்களின் கீகள் அந்தத் தளத்தில் ஏறக்குறைய 2,00,000 டாலருக்கு விற்கப்பட்டிருப்பதாகவும், கடை விலையில் அவற்றின் மதிப்பு சுமார் 4,50,000 டாலர் என்றும் டைனிபில்ட் அறிவித்தது. சந்தேகத்துக்குரிய கீகளின் பட்டியலைத் தாருங்கள், விசாரிக்கிறோம் என்று ஜி2ஏ கேட்டது. பல பங்காளிகள் வழியாகப் போன கீகளில் எது நல்ல கீ, எது திருட்டுக் கீ என்று பிரித்துக் காட்ட டைனிபில்டிடம் வழி இல்லை. உலகெங்கும் பேசப்பட்ட புகார் அந்த இடத்திலேயே நின்றுபோனது.

ஆகவே முதல் வேலை, தகராறு தொடங்குவதற்கு முன்பே செய்யவேண்டிய கணக்கு வேலை. கேம் வெளியிடுபவர்களுக்கான ஸ்டீமின் நிர்வாகத் தளமான ஸ்டீம்வொர்க்ஸில் கீகளைக் கோரும்போது ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு குறிப்புப் பெயர் இடலாம். ஆயிரம் கீகளை மொத்தமாக எடுத்துப் பங்கிட்டுக் கொடுக்காமல், ஒவ்வொரு பங்காளிக்கும் தனித் தொகுதியாக, அவருடைய பெயரும் மாதமும் தெரியும்படி எடுங்கள். எந்தக் கீ, யாருக்கு, எந்தத் தேதியில், எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்ற நான்கு விவரங்களையும் ஒரு விரிதாளில் எழுதி வையுங்கள். விமர்சகர்களுக்குத் தரும் கீகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கவேண்டும். இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பின்னால் வரும் எல்லாக் கடிதங்களும், எல்லா வாதங்களும் இந்த ஒரு தாளின் மேல்தான் நிற்கும்.

விமர்சகர்களின் வேண்டுகோளைப் பொறுத்தவரை, மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிரபலமான யூடியூபரின் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அனுப்புவது பழகிப்போன தந்திரம். அவருடைய சேனலின் அறிமுகப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே புதிதாக எழுதிக் கேட்டுவிட்டால் உண்மை தெரிந்துவிடும். நண்பர்களுக்கும் சேர்த்து மூன்று கீ வேண்டும் என்று கேட்பவரிடம் கூடுதல் கவனம் தேவை. ஸ்டீமில் கேம்களைப் பரிந்துரைக்கும் கியூரேட்டர்களுக்கு 2017 முதல் கியூரேட்டர் கனெக்ட் வழியாகக் கீ இல்லாமலேயே கேமை நேரடியாக அவர்கள் கணக்குக்கு அனுப்பலாம். கியூரேட்டர் என்று சொல்லிக்கொண்டு மின்னஞ்சலில் கீ கேட்பவருக்கு அந்த வழியையே பதிலாகச் சொல்லுங்கள்.

இனி, மறுவிற்பனைத் தளத்தில் உங்கள் கேம் இருப்பதைக் கண்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தின் முழு முகவரி, விற்பவரின் பெயர், விலை, இருப்பு எண்ணிக்கை, தேதி ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன்பின் ஒரு கீயை நீங்களே வாங்குங்கள். தன் கேமைத் தானே காசு கொடுத்து வாங்குவது மனதுக்கு ஒவ்வாது என்று பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். என் பார்வையில் முழு முயற்சியிலும் இதைவிடப் பயன் தரும் செலவு இல்லை. வாங்கிய கீயை ஆக்டிவேட் செய்யாமல், ஸ்டீம்வொர்க்ஸில் கீயின் விவரம் தேடும் பக்கத்தில் இடுங்கள். அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதும், ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்பதும் அங்கே தெரியும். தொகுதியின் பெயர் உங்கள் விரிதாளில் உள்ள ஒரு வரியைக் காட்டும். அந்த வரி ஒரு போலி விமர்சகரிடம் முடிந்தால் ஒரு வழி, சார்ஜ்பேக் ஆன ஆர்டரில் முடிந்தால் வேறு வழி, பங்காளிக் கடையில் முடிந்தால் அந்தக் கடையுடன் பேசவேண்டிய விஷயம். வெவ்வேறு விற்பவர்களிடம் இரண்டு மூன்று கீகள் வாங்கினால் படம் இன்னும் தெளிவாகும்.

சான்று கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபேக்டோரியோ கேமை உருவாக்கிய, பிராக் நகரிலுள்ள வூபே சாஃப்ட்வேர் நிறுவனத்தின் அனுபவம் உள்ளது. 2019 ஜூலையில், நோ மோர் ரோபோட்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனத்தின் மைக் ரோஸ், ஜி2ஏவில் வாங்குவதைவிடத் தன் கேம்களைத் திருட்டுத்தனமாக டவுன்லோட் செய்துகொள்ளுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லும் அளவுக்குப் பிரச்சினை முற்றியது. அப்போது ஜி2ஏ, தன் தளத்தில் திருட்டுக் கீ விற்கப்பட்டதாக நிரூபிக்கும் நிறுவனத்துக்கு, சார்ஜ்பேக்கால் இழந்த தொகையைப்போல் 10 மடங்கு தருவதாக அறிவித்தது. வூபே 321 கீகளின் பட்டியலைக் கொடுத்தது. திருட்டுக் கார்டுகளால் வாங்கப்பட்டு, சார்ஜ்பேக் ஆகி, ரத்து செய்யப்பட்ட கீகள் அவை. இருதரப்பும் ஏற்கும் தணிக்கை நிறுவனம் அமையாததால், கடைசியில் ஜி2ஏ தானே உள்விசாரணை நடத்தியது. 2016 மார்ச் முதல் ஜூன் வரையிலான காலத்தில் அவற்றில் 198 கீகள் தன் தளத்தில் விற்கப்பட்டதை ஒப்புக்கொண்டு, 2020 மே மாதம் 39,600 டாலர் கொடுத்தது. ஒரு சார்ஜ்பேக்குக்கு 20 டாலர் வீதம், 198 கீகளுக்கு, 10 மடங்கு என்று கணக்கிட்டால் அந்தத் தொகை சரியாக வரும். மூன்று வருடம் பழைய கீகளின் பட்டியலை எண் எண்ணாக எடுத்து நீட்ட முடிந்ததுதான் வூபேயின் பலம். எதிர்த்தரப்பே விசாரித்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பட்டியல் இல்லாவிட்டால் அந்த விசாரணையும் நடந்திருக்காது.

தளத்துக்கு எழுதும் கடிதம் சுருக்கமாகவும், சரிபார்க்கக் கூடியதாகவும் இருக்கட்டும். இந்த மாதிரியைத் தழுவி எழுதலாம்: “இத்துடன் இணைத்துள்ள 42 கீகள் எங்கள் கடையில் இன்னின்ன தேதிகளில், பிறகு மோசடி என்று வங்கிகளால் உறுதி செய்யப்பட்ட கட்டணங்கள் மூலம் பெறப்பட்டவை. சார்ஜ்பேக் எண்கள் ஒவ்வொரு கீக்கும் எதிரே உள்ளன. இவற்றில் ஒன்றை உங்கள் தளத்தில் இந்த விற்பவரிடமிருந்து இந்தத் தேதியில் நாங்கள் வாங்கினோம்; ரசீது இணைப்பில் உள்ளது. இந்தக் கீகளின் விற்பனையை நிறுத்தி, விற்றவரின் வணிக விவரங்களைத் தெரிவித்து, 14 நாட்களுக்குள் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.” விற்பவரின் அடையாளத்தைக் கேட்பதற்கு இப்போது முன்பைவிட வலுவான அடிப்படை இருக்கிறது. ஜி2ஏ 2020 ஜூலை முதல் தனிநபர்கள் கேம் கீ விற்பதை நிறுத்தி, வணிகக் கணக்குகளுக்கு மட்டும் அனுமதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டமும் 2024 பிப்ரவரி 17 முதல், குறு, சிறு நிறுவனங்கள் நடத்துபவை தவிர்த்த சந்தைத் தளங்கள் விற்பவரின் பெயர், முகவரி போன்ற விவரங்களைப் பெற்றுச் சரிபார்க்கவேண்டும் என்கிறது.

பதிப்புரிமை மீறல் என்று சொல்லி அமெரிக்க டிஎம்சிஏ சட்டத்தின்படி நீக்கக் கோரிக்கை அனுப்பப் பலர் அவசரப்படுகிறார்கள். அந்தச் சட்டம், உங்கள் படைப்பை அனுமதியின்றி நகலெடுத்து வெளியிடுவதைப் பற்றியது. கீயை விற்பது மட்டும் அதற்குள் அடங்குமா என்பது கேள்விக்குரியது. தவறென்று தெரிந்தே அனுப்பும் கோரிக்கைக்கு அனுப்பியவரே பொறுப்பாவார்.

அனுமதியில்லாத விற்பனை எல்லாமே சட்டவிரோதம் ஆகிவிடாது என்பதையும் மனதில் கொள்ளவேண்டும். விற்ற மென்பொருள் பிரதியின் மறுவிற்பனையை உரிமையாளர் தடுக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று யூஸ்டுசாஃப்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. கேம்கள் வெறும் மென்பொருள் அல்ல, அந்த விதி அவற்றுக்குப் பொருந்தாது என்ற முடிவு பிரான்ஸில் வால்வ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வந்தது. 2019இல் பாரிஸ் நீதிமன்றம் நுகர்வோர் சங்கத்துக்குச் சாதகமாகச் சொன்னதை 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. 2024 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நாட்டுக்கு நாடு விலை வேறுபாட்டைக் காக்க பகுதிப் பூட்டுப் போடுவதிலும் எச்சரிக்கை தேவை. போலந்து, செக் குடியரசு போன்ற நாடுகளில் வாங்கிய கீகள் ஒன்றியத்தின் மற்ற நாடுகளில் இயங்காதபடி செய்ததற்காக, 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் வால்வுக்கும் ஐந்து வெளியீட்டு நிறுவனங்களுக்கும் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2023 செப்டம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் வால்வின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

கீகளை ரத்து செய்வதுதான் மனதை அதிகம் வருத்தும் படி, ஏனெனில் அங்கே அடிபடுபவர் பெரும்பாலும் எதுவும் அறியாத வாங்கியவர். அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2013இல் நேச்சுரல் செலக்ஷன் 2 கேமின் 1,341 கீகளை, திருட்டுக் கார்டில் வாங்கப்பட்டவை என்று முடக்கியது. யூபிசாஃப்ட் 2015 ஜனவரியில் ஃபார் க்ரை 4 உள்ளிட்ட கேம்களின் கீகளை ரத்து செய்தது. ஆட்டத்தைத் தொடங்கிவிட்டிருந்தவர்களின் எதிர்ப்பு கிளம்பியதும், அவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தது. இன்னும் ஆக்டிவேட் ஆகாத மோசடிக் கீகளை அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள் என்பதே என் யோசனை. ஆக்டிவேட் ஆனவற்றில், சார்ஜ்பேக் சான்று உள்ளவற்றை மட்டும், காரணத்தையும் பணத்தைத் திரும்பப் பெறும் வழியையும் விளக்கும் அறிவிப்பை வெளியிட்ட பிறகு ரத்து செய்யுங்கள். சந்தேகத்தின் பேரில் ஒரு தொகுதி முழுவதையும் முடக்காதீர்கள். அதில் உங்களிடமே நேராக வாங்கியவரும் இருப்பார்.

சொந்தக் கடை நடத்துபவர்கள் மூல ஓட்டையை அடைக்கவேண்டும். கார்டு உரிமையாளரை ஓடிபி போன்றவற்றால் வங்கி உறுதி செய்யும் 3டி செக்யூர் சரிபார்ப்பை இயக்கினால், அப்படிச் சரிபார்க்கப்பட்ட கட்டணங்களில் மோசடிக்கான பொறுப்பு பொதுவாகக் கார்டு வழங்கிய வங்கிக்கு மாறும். ஒரே கார்டில் பல கீகள் வாங்குவதற்கு வரம்பு வையுங்கள். முடிந்தால் கீயை மின்னஞ்சலில் அனுப்பாமல், வாங்கியவர் தன் ஸ்டீம் கணக்கை இணைத்தபின் கேம் அதில் சேரும்படி செய்யுங்கள். விற்க ஒரு கீயே இல்லாதபோது மறுவிற்பனைக்கு இடமில்லை.

இதைப் படிக்கும் சிலர் மறுபக்கத்தில், ரத்தான கீயை வாங்கியவர்களாக இருக்கலாம். வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் பணம் திருப்பித் தராது. எனவே விற்ற தளத்திடம்தான் கேட்கவேண்டும். வங்கியில் புகார் செய்யும்போது, நான் இந்தக் கட்டணத்தைச் செலுத்தவே இல்லை என்று எழுதாமல், வாங்கிய பொருள் செல்லாததாகிவிட்டது என்று உள்ளபடி எழுதுங்கள். இந்தியாவில் உள்ளவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், இந்திய நுகர்வோருக்குத் தொடர்ச்சியாக விற்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் பொருந்தும். புகாரைத் தளம் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. யாரோ கீ வாங்கத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்திய கார்டு உங்களுடையதே என்றால், 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்கும், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்கும் தெரிவித்துவிடுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் நடந்த மோசடியாக இருந்தால், அந்தக் கெடுவுக்குள் சொல்லிவிட்டவர் மேல் இழப்பு விழாது என்று ரிசர்வ் வங்கி 2017இல் ஒரு சுற்றறிக்கையில் விதித்தது.