ஹாஸ்பிடல் கிருமிக்கு டிஸ்இன்ஃபெக்டன்ட் பண்ணணுமா? கெமிக்கலை விடுங்க, கட்டில் கம்பியிலருந்து ஆரம்பிங்க

புதுசா ஒரு டிஸ்இன்ஃபெக்டன்ட் உருவாக்கணும்னு உக்கார்ற நிறைய பேரு முதல்ல கெமிக்கல் லிஸ்ட்டைத்தான் கையில எடுக்குறாங்க. எது ஸ்ட்ராங்கு, எது விலை கம்மி, எதுல வாடை அடிக்காதுன்னு பாத்து ஒண்ணை எடுத்து, டெஸ்ட் ட்யூப்ல கிருமி செத்துச்சா, அப்ப லேபிள் அடிச்சிரலாம்னு போயிடுறாங்க. ஆனா அந்த மருந்து வேலை செய்யப்போறது ட்யூப்ல இல்லையே, நோயாளி புடிச்சு எழுந்திரிக்கிற கட்டில் கம்பியில, ட்ரிப்ஸ் ஸ்டாண்டுல, மானிட்டர் பட்டன்ல, கமோடு சீட்டுல. அங்க ரத்தம் காஞ்சு கெடக்கும், சளி ஒட்டியிருக்கும், துடைக்கிற அம்மாவுக்கு இன்னும் பத்து பெட்டு பாக்கி இருக்கும். அதனால முதல்ல அந்த கம்பியைப் பாருங்க, அதுல யார் உக்காந்திருக்கான்னு பாருங்க, கெமிக்கல் அப்புறம்தான்.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, உலக சுகாதார நிறுவனம் 2022ல விட்ட ரிப்போர்ட் படி, ஹாஸ்பிடல்ல அட்மிட் ஆகுற 100 பேர்ல பணக்கார நாடுகள்ல 7 பேருக்கும் மத்த நாடுகள்ல 15 பேருக்கும் குறைஞ்சது ஒரு தொற்றாவது அங்கயே வருது, அப்படி வந்தவங்கள்ல பத்துல ஒருத்தர் இறந்துடுறாங்க. வேற ஏதோ வியாதிக்கு வந்தவங்க இவங்க.

முதல் வேலை, உங்க மருந்து எந்தப் பொருளுக்குன்னு முடிவு பண்றது. இயர்ல் ஸ்பால்டிங்ங்கிற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் வகுத்த பிரிவு இன்னைக்கும் ஓடுது. உடம்புக்குள்ள கிருமியே இருக்கக்கூடாத இடத்துக்குப் போற கருவின்னா ஸ்டெரிலைஸ் பண்ணியே ஆகணும், எண்டோஸ்கோப் மாதிரி உள்சவ்வைத் தொடுறதுன்னா ஹை லெவல் டிஸ்இன்ஃபெக்ஷன், வெறும் தோலை மட்டும் தொடுற கட்டில், மேசை, பிபி கஃப் மாதிரி ஐட்டம்னா அதுக்கும் கீழ் லெவல் போதும். ஒரே மருந்துல மூணையும் புடிக்கப் பாக்காதீங்க, மூணுலயும் சுமாராத்தான் வரும். நான் இங்க சொல்றது கடைசி வகைக்கு, வார்டு சர்ஃபேஸுக்கு.

ரெண்டாவது, எதிரி யாருன்னு எழுதி வச்சுக்கோங்க. சாகுறதுல கிருமிகளுக்குள்ள ஒரு வரிசை இருக்கு. கொரோனா மாதிரி கொழுப்பு உறை போட்ட வைரஸ் சுலபமா சாகும், அதுக்கப்புறம் சாதாரண பாக்டீரியா, பூஞ்சை, அப்புறம் நோரோ மாதிரி உறை இல்லாத வைரஸ், மெழுகுச் சுவர் வச்ச டிபி கிருமி, எல்லாத்துக்கும் மேல ஸ்போர், அதாவது சில பாக்டீரியா கெட்டி ஓடு போட்டுட்டு தூங்குற நிலை. பேதி வரவைக்கிற க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் பாக்டீரியாவோட ஸ்போர் எவ்ளோ கெட்டின்னா, லேப்ல மலத்துலருந்து அதைத் தனியா பிரிக்கிறதுக்கே ஆல்கஹாலைத்தான் ஊத்துறாங்க, மத்தது எல்லாம் செத்துரும், இது மட்டும் மிஞ்சும். அப்ப ஆல்கஹால் வைப்ஸை வச்சு பேதி வார்டு கமோடைத் துடைச்சா என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

காஞ்ச இடத்துல செத்துரும்னும் நினைக்காதீங்க. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் காஞ்ச சர்ஃபேஸ்ல 7 நாள்லருந்து 7 மாசம் வரைக்கும் உயிரோட இருந்தது பதிவாகியிருக்கு, அசினெட்டோபாக்டர் 5 மாசம் வரைக்கும். 2009ல ஜப்பான்ல முதல்ல விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ்ங்கிற பூஞ்சையையும் லிஸ்ட்ல சேருங்க, வார்டு வார்டா பரவுறது, பின்னாடி சொல்லப்போற வழக்கமான க்வாட் வகை மருந்துல நிறைய எடத்துல அது சரியா அடங்குறதில்ல.

இப்பதான் கெமிக்கல். ஆல்கஹால் வேகமா கொல்லும், ஆனா தண்ணி கலந்து 60லருந்து 90 சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான், ஏன்னா புரோட்டீனைக் கெடுக்க தண்ணியும் வேணும். சட்டுனு ஆவியாயிடும், தீப்பிடிக்கும், பெரிய சர்ஃபேஸுக்கு ஒத்து வராது.

குளோரின்ல கொஞ்ச நேரம் நிக்கணும். 1847ல வியன்னாவுல செம்மல்வைஸ்ங்கிற டாக்டர் மத்த டாக்டர்களை குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணியில கை கழுவ வச்சு பிரசவ வார்டு சாவை சரசரன்னு குறைச்சாரே, அதே குடும்பம்தான் ப்ளீச்சும். 5% ப்ளீச்சுல ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி ஊத்தினா சுமார் 5000 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 5000 பங்கு) வரும், ஸ்போருக்கு அந்த ரேஞ்சு வேணும். சிக்கல் பிஎச்ல இருக்கு. கொல்றதுல கெட்டிக்காரன் ஹைப்போகுளோரஸ் ஆசிட், பிஎச் 7.5 கிட்ட பாதி அதுவா இருக்கும் பாதி ஹைப்போகுளோரைட்டா மாறிடும், அதுக்கு மேல ஏற ஏற பலம் குறையும். ஆனா ப்ளீச் பாட்டில்ல கெடாம இருக்கணும்னா பிஎச் 11க்கு மேல வைக்கணும். பலம் வேணுமா ஆயுள் வேணுமாங்கிற இழுபறிதான் குளோரின் ஃபார்முலேஷன் மொத்தமும். பலத்துக்காகன்னு கலக்குறவங்களே ஆசிட்டை ஊத்தினா குளோரின் வாயு வரும், அமோனியா சேந்தா குளோரமின், ரெண்டும் நுரையீரலுக்கு ஆபத்து, அதை லேபிள்ல பெரிய எழுத்துல போடுங்க.

க்வாட், அதாவது பென்சால்கோனியம் குளோரைடு வகை, வாடை இல்ல, துரு பிடிக்காது, அதனால எல்லாருக்கும் புடிக்கும். ஆனா பருத்தித் துணியில ஒட்டிக்கும், பக்கெட்ல கலந்த அளவு கம்பிக்கு வந்து சேராது. உப்புத் தண்ணி (கடினத் தண்ணி), சோப்பு ரெண்டும் அதைக் கெடுக்கும். சூடோமோனாஸ், செராஷியா மாதிரி கிருமிங்க நீர்த்துப் போன க்வாட் கரைசல்லயே வளந்து தொற்று பரப்பின சம்பவங்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. என்னைக் கேட்டா வெறும் க்வாட்டை மட்டும் நம்பி ஹாஸ்பிடல் மருந்து பண்ணாதீங்க. ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு என் ஓட்டு, சும்மா 3% பெராக்சைடு மெதுவாத்தான் வேலை செய்யும், ஆனா கொஞ்சம் ஆசிட்டும் சரியான சர்ஃபாக்டன்ட்டும் (சோப்பு மாதிரி அழுக்கைக் கிளப்புற பொருள்) சேத்தா 0.5% அளவுலயே சாதாரண பாக்டீரியாவை ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல முடிக்கும், கடைசியில தண்ணியும் ஆக்ஸிஜனுமா போயிடும். அந்த அளவுல ஸ்போர் சாகாது, அதுக்கு பெராசெட்டிக் ஆசிட்டைக் கூட்டணும், அதோட காட்டம் துடைக்கிறவங்க மூக்கையும் கண்ணையும் பதம் பாக்கும்ங்கிறதையும் கணக்குல எடுங்க.

ஃபார்முலேஷன்ல நான் முதல்ல பாக்கச் சொல்றது ஈரம். உங்க மருந்துக்கு அஞ்சு நிமிஷ கான்டாக்ட் டைம் (ஈரமா பட்டிருக்க வேண்டிய நேரம்) வேணும்னு வச்சுக்கோங்க, ஒரு கம்பியில துணியால தேய்ச்சுட்டு ஸ்டாப்வாட்ச் அமுக்கிப் பாருங்க, ஃபேன் ஓடுற ரூம்ல ரெண்டு நிமிஷத்துக்குள்ளயே காஞ்சுடும். காஞ்ச மருந்து கொல்லாது, மிச்ச மூணு நிமிஷம் லேபிள்ல மட்டும்தான் இருக்கு. அதனால ஒண்ணு, ஒரு நிமிஷத்துல கொல்ற மாதிரி பண்ணணும், இல்லைன்னா காய்றதைத் தள்ளிப்போட கொஞ்சம் க்ளிசரின் மாதிரி ஏதாச்சும் சேக்கணும், பிசுபிசுப்பு வராத அளவுக்கு. முதல் வழிதான் நல்லது, ஏன்னா திரும்ப வந்து மறுபடியும் ஈரமாக்க வார்டுல யாருக்கும் நேரம் இருக்காது. சர்ஃபாக்டன்ட் இருந்தாத்தான் மருந்து அழுக்குக்கு அடியில போகும், ஈடிடிஏங்கிற, உலோக அயனியைப் புடிச்சுக்கிற பொருளைச் சேத்தா உப்புத் தண்ணியையும் சமாளிக்கும், கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவோட வெளிச்சுவரையும் தளர்த்தும்.

டெஸ்டிங்ல நிறைய பேர் கோட்டை விடுற எடம் நியூட்ரலைசர். நேரம் முடிஞ்சதும் மருந்தை அந்த நொடியே நிறுத்தணும், இல்லைன்னா அது கிருமி வளக்குற ப்ளேட்லயும் கொன்னுட்டே இருக்கும், நீங்க மருந்து சூப்பர்னு சந்தோஷப்பட்டுட்டு இருப்பீங்க. குளோரினுக்கு தயோசல்ஃபேட், பெராக்சைடுக்கு கேட்டலேஸ், க்வாட்டுக்கு லெசித்தினும் பாலிசார்பேட் 80ம். அந்த நியூட்ரலைசரே கிருமியைக் கொல்லலைன்னு தனியா கன்ட்ரோல் போட்டு நிரூபிச்சுட்டுத்தான் அடுத்த ஸ்டெப்.

பாக்டீரியாவைக் கொல்லுதான்னு பாக்குற ஐரோப்பாவோட இ.என் 13727 டெஸ்ட் முறையில, ஒரு மில்லி கிருமிக் கரைசல், ஒரு மில்லி அழுக்கு, எட்டு மில்லி மருந்து. அழுக்குன்னா ஆல்புமின் புரோட்டீன், டர்ட்டி கண்டிஷன்ல கூடவே ஆட்டு ரத்த சிவப்பணுவும். பத்து மில்லியில மருந்து எட்டு மில்லிதாங்கிறதால, டெஸ்ட் பண்ண நினைக்கிற அளவை விட 1.25 மடங்கு கெட்டியா கலக்கணும். மருந்தைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் ஊத்தாதீங்க, கடினத் தண்ணிதான் ஊத்தணும். பாக்டீரியாவுல 5 லாக் குறையணும், ஒரு லாக்னா பத்துல ஒரு பங்கா குறையறது. 99.9%னு விளம்பரத்துல வர்றது 3 லாக்தான், ஒரு கோடி கிருமி இருந்தா பத்தாயிரம் மிஞ்சும், 5 லாக்னா நூறுதான் மிஞ்சும்.

அது தாண்டினதும் காய வச்ச கிருமியில பாருங்க. ஸ்டீல் வட்டுல கிருமியை அழுக்கோட காய விட்டு அதுமேல மருந்து வைக்கிற கேரியர் டெஸ்ட், அப்புறம் இ.என் 16615 நாலு கட்டம் டெஸ்ட். இந்த நாலு கட்டம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது: ஃப்ளோர் ஷீட்டுல வரிசையா 5 செமீ அளவுல நாலு சதுரம், முதல் சதுரத்துல மட்டும் கிருமி, மருந்துல நனைச்ச துணியை சுமார் 2.5 கிலோ கல்லு கட்டைக்கு அடியில வச்சு நாலாவது வரைக்கும் இழுத்து திரும்பக் கொண்டு வரணும். முதல் கட்டத்துல செத்துச்சா மட்டும் இல்ல, சுத்தமா இருந்த மத்த மூணு கட்டத்துக்கு துணி கிருமியைக் கொண்டு போச்சான்னும் தெரிஞ்சிரும். மருந்து நல்லா இருந்து துணி மோசமா இருந்தா இங்க மாட்டிக்கும், அதனால எந்தத் துணியோட விக்கப் போறீங்களோ அதே துணியில பண்ணுங்க.

காஞ்ச பயோஃபிலிமையும், அதாவது கிருமிங்க கூட்டமா பிசின் மாதிரி ஒட்டிக்கிற படலத்தையும், மறந்துடாதீங்க. துடைச்ச ஐசியு பொருள்கள்லயே அது ஒட்டிட்டு இருந்ததை மைக்ரோஸ்கோப்ல பாத்திருக்காங்க. தேய்க்கிற அழுத்தம் இல்லாம வெறும் ஸ்ப்ரேயால அதை எடுக்குறது கஷ்டம்.

கெடாம எவ்ளோ நாள் இருக்கும்னு பாக்க 54 டிகிரியில 14 நாள் வைக்கிற வழக்கம் இருக்கு, குளோரின் மருந்து அந்த சூட்டைத் தாங்காது, அதுக்கு குறைஞ்ச சூட்டுல நிறைய நாள் வைங்க. பாலிகார்பனேட்டு, ரப்பர், ஸ்டீல் துண்டுகள்ல தினமும் பல தடவை துடைச்சு விரிசல் விடுதா, துரு பிடிக்குதான்னு பாருங்க. விரிசல் விட்ட பிளாஸ்டிக்ல கிருமி ஒளிஞ்சுக்கும், அப்புறம் எந்த மருந்தும் உள்ள எட்டாது. க்வாட்டை தினமும் சுவாசிக்கிறவங்களுக்கு ஆஸ்துமா வர்றதுண்டு, அதனால ஸ்ப்ரேயை விட நனைச்ச துணி மேல்.

கடைசியா வார்டு ட்ரையல். புற ஊதா வெளிச்சத்துல மட்டும் தெரியுற ஜெல்லை கம்பி, சுவிட்ச், கதவுக் கைப்பிடி, ஃப்ளஷ் பட்டன்ல சின்ன புள்ளியா வச்சுட்டு, க்ளீனிங் முடிஞ்சதும் டார்ச் அடிச்சுப் பாருங்க. இப்படிப் பாத்த ஆய்வுகள்ல தொடவேண்டிய இடத்துல பாதிக்குப் பாதி துணியே படலைன்னு வந்திருக்கு. அந்தக் கணக்கைக் கையில வச்சுக்காம, தொற்று குறையலையேன்னு மருந்தைக் குத்தம் சொல்றதோ, குறைஞ்சதுக்கு மருந்துக்குப் பேர் குடுக்குறதோ ரெண்டும் தப்பு. துடைக்கிறவங்க கிட்ட உக்காந்து கேளுங்க: கை எரியுதா, தலை வலிக்குதா, கலக்குறப்ப மூடியால அளக்குறாங்களா இல்ல கண்ணால பாத்து ஊத்துறாங்களா. கண்ணாலதான்னா அளவுக் குடுவை வச்சு சரி பண்ணப் பாக்காதீங்க, கலக்கத் தேவையே இல்லாத ரெடி துணியா பேக் பண்ணுங்க, அந்த பேக்கிங்லயே ஸ்டெபிலிட்டி டெஸ்ட்டையும் நாலு கட்டம் டெஸ்ட்டையும் மறுபடி ஓட்டிட்டு அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஃபைல் போடுங்க.