கணக்கியல் மாஸ்டர்ஸ் படிக்க அமெரிக்கா வந்திறங்கிய வேலூர்ப் பிள்ளைகளுக்கு

லீவுக்கு ஊருக்கு வந்தால் காட்பாடி காந்தி நகர் வீட்டு வராண்டாவில் இரண்டு மூன்று பேராவது வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஊரிசு கல்லூரியில் பி.காம். முடித்த பையன், குடியாத்தத்திலிருந்து ஒரு பெண், துணைக்கு அவள் அப்பா. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இந்த யூனிவர்சிட்டி எத்தனையாவது ரேங்க்?" அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் வாட்ஸ்அப்பில் இதே கேள்வி வருகிறது. சேர்ந்தாச்சு, இனி ரேங்க் எதற்கு? உள்ளே இருப்பதை எந்த மாதத்தில் வாங்கிக்கொள்வது என்று பாருங்கள்.

ஆகஸ்டில் இறங்குவீர்கள். ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிய துணியைப் பிரிப்பதற்குள் செப்டம்பர் வந்துவிடும், ஆடிட் நிறுவனங்கள் கேம்பஸுக்குள் நிற்கும். இந்தப் படிப்பின் பெரிய பலமே அதுதான்: அடுத்த வருஷத்து ஆட்களை இந்த வருஷமே பேசி முடிக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அதனால் ரெஸ்யூமேயை முதல் வாரமே கேரியர் அலுவலகத்தில் காட்டுங்கள். ஒரே பக்கம், போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி எதுவும் வேண்டாம். பீட்டா ஆல்ஃபா சை என்ற கணக்கியல் மாணவர் சங்கம் உங்கள் கேம்பஸில் இருந்தால் கூட்டத்துக்குப் போங்கள். விசா ஸ்பான்சர் செய்வீர்களா என்று அங்கேயே நேராகக் கேளுங்கள். கூச்சப்பட்டு மூன்று மாதம் தொங்கியவள் நான்.

ஊர் அனுபவத்தை மறைக்காதீர்கள். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் இரண்டு வருஷம் கணக்கு எழுதினேன். ரெஸ்யூமேயில் "டேலி தெரியும்" என்று ஒரு வரியோடு விட்டிருந்தேன். நேர்காணலில் ஸ்டாக் எடுப்பது பற்றிக் கேட்டார்கள். பச்சைத் தோல் வாங்கும்போது எண்ணிக்கை, எடை. பதனிட்டு விற்கும்போது சதுர அடி. நடுவில் டிரம்முக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் தோலை எந்தக் கணக்கில் காட்டுவது? மார்ச் 31 வந்தால் மேஸ்திரிக்கும் எனக்கும் இதே சண்டை. அதைச் சொன்னேன். எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மீதி அரை மணி நேரமும் தோல்தான் பேசினோம்.

அடுத்தது கிரெடிட், அதாவது படித்த பாடங்களுக்குப் போடும் மதிப்பலகு. மூன்று வருஷ பி.காம்.-ஐப் பல இடங்களில் 90 என்றே மதிப்பிடுகிறார்கள். மாஸ்டர்ஸில் 30 சேர்ந்தால் 120. சி.பி.ஏ. பரீட்சைக்கு (நம் ஊர் சி.ஏ. மாதிரி அங்கே ஆடிட்டர் தகுதி) உட்கார அது பல மாநிலங்களில் போதும். லைசென்ஸுக்கு வழக்கமாகக் கேட்பது 150. கூடுதல் வேலை அனுபவத்தை வைத்து இதைத் தளர்த்தும் சட்டங்களும் பல மாநிலங்களில் வந்திருக்கின்றன. மாநிலத்துக்கு ஒரு போர்டு, போர்டுக்கு ஒரு விதி. விருப்பப் பாடம் எடுக்கும் முன்பே மதிப்பீடு வாங்கிவிடுங்கள், ஊரில் எம்.காம். படித்திருந்தால் அந்த மார்க் ஷீட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

2024 ஜனவரியிலிருந்து சி.பி.ஏ. பரீட்சை மூன்று கட்டாயத் தாள், ஒரு விருப்பத் தாள். தாளுக்கு 75 எடுத்தால் பாஸ். நிதிக் கணக்கியல் வகுப்பு முடிந்த சூட்டோடு அதே பாடத்துக்கான ஃபார் தாளை எழுதிவிடுவது புத்திசாலித்தனம். நம் பழைய பாடம் கொஞ்சம் கைகொடுக்கும், கொஞ்சம் காலை வாரும்: லைஃபோ (கடைசியாக வாங்கிய சரக்கே முதலில் விற்றதாகக் கணக்கிடும் முறை) நம் ஊரில் செல்லாது, அங்கே செல்லும். ரெக் தாளில் வரும் அமெரிக்க வரியும் சட்டமும் முழுக்கப் புதுசு.

வேலை அனுமதிக்கு, யூனிவர்சிட்டி தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் குறியீட்டைப் பாருங்கள். படித்த துறையில் வேலை பார்க்கத் தரும் ஓ.பி.டி. அனுமதி 12 மாதம். குறியீடு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். எல்லாக் கணக்கியல் படிப்புக்கும் அது கிடையாது. டேட்டா அனலிட்டிக்ஸ் கலந்த படிப்புகள் சிலவற்றுக்கு உண்டு. படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் செய்வதற்கான சி.பி.டி. அனுமதிக்குப் பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். ஒரே வருஷப் படிப்பென்றால் அந்த வாய்ப்பே கைநழுவலாம். ஃபீஸ் மிச்சம் என்று அதில் சேர்ந்தவர்கள் முதல் வாரமே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வரியில் ஒரு சங்கதி. சம்பாத்தியமே இல்லாவிட்டாலும் எஃப்-1 விசா மாணவர் வரித் துறைக்கு 8843 படிவம் அனுப்ப வேண்டும். சம்பளம் வாங்கினால், மற்ற பல நாட்டு மாணவர்களுக்கு இல்லாத ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் நமக்கு உண்டு. இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு தருவது. ஊரில் கணக்கு வருஷம் மார்ச்சில் முடியும், அங்கே தனிநபருக்கு டிசம்பரில். சம்பளம் வாங்கியவர் வரிக் கணக்கு அனுப்பக் கடைசித் தேதி ஏப்ரல் 15. வீட்டா என்ற இலவச வரி உதவி மையங்களில், ஒரு தேர்வை முடித்துவிட்டு மாணவர்கள் தொண்டு செய்வார்கள். உங்கள் துறையில் அந்த ஏற்பாடு இருந்தால் விடாதீர்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆடிட் ஆபீஸில் தலை நிமிர முடியாது, பொங்கல் ஒரு வீடியோ காலோடு முடிந்துவிடும். அப்புறம், முதல் அசைன்மென்டில் 10,00,000 என்று கமா போட்டுவிடாதீர்கள், அங்கே அது 1,000,000. நான் போட்டேன், டைப்பிங் தப்பு என்று நினைத்துச் சிவப்பில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.